டூரிங் டாக்கீஸுக்கு வந்த செவ்வாய்க்காரன்

ஓய்வூதியத்துக்காக ஆண்டுக்கு ஒருமுறை கருவூலத்துக்குப் போய், இன்னும் சாகவில்லை என்று கையெழுத்துப் போட்டு நிரூபிக்கிறவர்கள் நாம். ஆகவே என் வயதுக்காரர்களான உங்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது. தான் யார் என்பதற்கு எந்த ஆதாரமும் காட்ட முடியாத ஒருவரைப் பற்றியது இது. அவரைக் கட்டிக்கொள்வதா, கூடுவாஞ்சேரி ரைஸ்மில்காரருக்கு இரண்டாம் தாரமாகப் போவதா என்று என் அத்தையின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்த ஒரு மாசி மாதத்தைப் பற்றியதும்கூட.

போன மாதம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய இங்கிலீஷ் படம் வந்து நின்றது. கறுப்பு வெள்ளை. பிரிட்டனில் எடுத்தது. பனிமூட்டம், செங்கல் வீடுகள், தொப்பி வைத்த ஆண்கள். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த ஒருவன் மனிதர்களோடு மனிதனாகக் குடியிருக்கும் கதை. பறக்கும் தட்டு கிடையாது, கதிர்த் துப்பாக்கி கிடையாது. அதற்கெல்லாம் பணம் இல்லை என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. கீழே கருத்து எழுதியிருந்த ஐந்தாறு பேரில் ஒருவர், இப்படி ஒரு படம் வந்ததே யாருக்கும் தெரியாது என்று வருத்தப்பட்டிருந்தார்.

எனக்குத் தெரியும். ஒரகடத்துக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் எல்லோருக்குமே தெரியும். எங்கள் டூரிங் டாக்கீஸில் மூன்று நாள் ஓடிய படம் அது. எடுத்தவர்களின் ஊரில் அத்தனை நாள் ஓடியிருக்குமா என்பது சந்தேகம்.

டாக்கீஸ் இருந்தது அப்பாவின் மேட்டு நிலத்தில். இப்போது அங்கே கார் உதிரிபாகம் ஏற்றும் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஓட்டுநர்கள் டயர் நிழலில் சமைக்கிறார்கள். அன்றைக்குக் கடலை பிடுங்கிய தரிசு அது. நான் பின்னாளில் வருவாய்த் துறையில் சேர்ந்து சினிமா உரிமக் கோப்புகளைக் கையாண்டவள் என்பதால் சொல்கிறேன்: சட்டத்தின் பார்வையில் டூரிங் டாக்கீஸ் என்பது தற்காலிகமாக இருந்தால்தான் செல்லுபடியாகும் கட்டடம். நிலத்துக்காரரின் சம்மதம், மின் ஆய்வாளரின் சான்று, பொறியாளரின் சான்று, தீயணைக்க மணல் வாளிகள். உரிமக் காலம் முடிந்ததும் பிரித்து எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட வேண்டும். எங்கள் டாக்கீஸில் வாளிகள் இருந்தன. மணலைத்தான் தரை டிக்கெட்டுக்காரர்கள் மேடு கட்டி உட்கார்வதற்கு எடுத்துக்கொண்டார்கள்.

நிலத்துக்குக் குத்தகை கொடுத்ததோடு, டாக்கீஸ் ஆபரேட்டருக்கு மத்தியானச் சாப்பாடும் எங்கள் வீட்டில்தான் என்று அப்பாவும் டாக்கீஸ் முதலாளியும் பேசி முடித்திருந்தார்கள். ஆபரேட்டர் ஒல்லியான மனிதர். முப்பது வயதுக்குள் இருப்பார். பின்பக்க முற்றத்தில், முருங்கை மரத்துக்குக் கீழே இலை போடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் இலையை மடக்கி எடுத்துப் போட்டுவிட்டு, இலை இருந்த இடத்தையும் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுப் போவார். எங்கள் ஊர் ஆண்கள் யாரும் செய்து நான் பார்த்திராத காரியம் அது. எனக்கு புரொஜக்டரில் எரிந்து மிச்சமான கார்பன் குச்சிகளைக் கொண்டுவந்து தருவார். கறுப்புக் குச்சி, மேலே செம்பு பூசியிருக்கும். அதால் எழுதினால் தரையில் கோடு அழியவே அழியாது. அப்படி ஒரு டப்பா நிறைய சேர்த்திருந்தேன். எங்கே போயிற்றோ.

அவருக்குப் பரிமாறியது அத்தை. அப்பாவின் தங்கை. இருபத்தாறோ இருபத்தேழோ வயதிருக்கும். அந்நாளில் கல்யாணமாகாத பெண்ணுக்கு அது வயதல்ல, வீட்டார் மீதான குற்றச்சாட்டு. காரணம் செவ்வாய் தோஷம். அத்தையின் ஜாதகத்தில் செவ்வாய் இருக்கக்கூடாத கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்ட பெண்ணைக் கட்டினால் கட்டியவனுக்கு ஆயுள் குறைவு என்பது விதி. அதே தோஷம் உள்ள ஆணாகப் பார்த்துக் கட்டினால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்பது விதிவிலக்கு. விதியைச் சும்மா விட்டுவிட்டு விதிவிலக்கைத் தேடி அலைவது எப்படி என்பதை நான் அரசுப் பணிக்கு முன்பே வீட்டில் கற்றுக்கொண்டேன்.

தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தவர்தான் கூடுவாஞ்சேரி மில்காரர். அப்பாவைவிட மூத்தவர். முதல் மனைவி இறந்துவிட்டாள். அவள் இறந்ததே அவருக்குத் தோஷம் இருப்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பங்குனியில் நிச்சயம் என்று பேச்சு. அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று யாரும் முடிவு செய்ததாகவும் நினைவில்லை; அந்த நடைமுறையில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

அத்தை ஆபரேட்டருக்கு ரசம் ஊற்றும்போது மட்டும் கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் கேட்காது. எட்டு வயதில் நான் கவனித்தது அவ்வளவுதான். அம்மா அதைவிட அதிகம் கவனித்திருக்க வேண்டும்.

இப்போது படத்துக்கு வருகிறேன். மாசி மாதம் ஒரு பக்திப் படம் வருவதாக மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தமுக்கு அடித்து, பச்சை நோட்டீஸ் வீசியாகிவிட்டது. படப் பெட்டி சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, பஸ்ஸின் கூரையில் ஏறி வந்து சேர்ந்தது. திறந்தால் இந்தப் படம். பெட்டி மாறிவிட்டது. பக்திப் படம் எந்த ஊர்த் தியேட்டருக்குப் போய் யாரைத் திகைக்க வைத்ததோ தெரியாது. சரியான பெட்டி வர மூன்று நாளாகும் என்றார்கள். கொட்டகையை மூடிப்போட்டால் நஷ்டம் என்பதால் முதலாளி வந்ததை ஓட்டச் சொல்லிவிட்டார்.

இங்கிலீஷ் படம் என்றால் கதை சொல்ல ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மைக்கில் கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். எங்கள் ஊரில் அந்தப் பதவி பள்ளித் தலைமையாசிரியருடையது. அவருடைய இங்கிலீஷ் பாடப்புத்தக இங்கிலீஷ். அதை யாரும் வேகமாகப் பேசி அவர் கேட்டதில்லை. இருந்தாலும் தயங்குகிற ஆள் இல்லை. நம்மில் பலர் பணியில் அப்படித்தானே காலம் தள்ளினோம்.

ஒரே ஒரு புரொஜக்டர்தான். ஒரு டப்பா பிலிம் ஓடி முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்த டப்பாவை மாட்டும் வரை காத்திருக்க வேண்டும். முறுக்கும் சோடாவும் சுற்றி வரும். பீடிப் புகை கூரைக்குக் கீழே மேகம் போல நிற்கும். அந்த இடைவேளைகளில் தலைமையாசிரியர் எழுந்து, நடந்தது என்ன, இனி நடக்கப்போவது என்ன என்று சொல்லுவார்.

கதை இதுதான். ஒரு சின்ன ஊரில் தனியாக வாழும் பெண், வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறாள். ஒரு பெட்டியோடு ஓர் ஆள் வருகிறான். ஒல்லி. அதிகம் பேசமாட்டான். சொந்தம் பந்தம் யாரும் தேடி வருவதில்லை. அவன் மனிதன் இல்லை என்பதற்குப் படத்தில் ஒரே ஓர் அடையாளம்தான் வைத்திருக்கிறார்கள்: குளிரில் மற்றவர்கள் பேசும்போது வாயிலிருந்து ஆவி வருகிறது, அவனுக்கு வருவதில்லை. செலவில்லாத யோசனை. எங்கள் ஊரில் அது எடுபடவில்லை. செங்கல்பட்டு மாவட்ட வெயிலில் எவன் வாயில் ஆவி வரும். அந்தக் கணக்கில் கொட்டகையே வேற்றுக் கிரகம்தான்.

அவன் எந்தக் கிரகம் என்று படத்தில் சொல்வதேயில்லை. போன மாதம் இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஆனால் கேட்பவர்களுக்கு ஒரு முகவரி வேண்டும் என்று தலைமையாசிரியருக்குத் தோன்றியிருக்கிறது. முதல் நாள், மூன்றாவது டப்பா முடிந்த இடைவேளையில், அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாடியில் குடியிருக்கும் இந்த வாலிபன் செவ்வாய் கிரகத்திலிருந்து வந்தவன்" என்று அறிவித்தார்.

பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பி அத்தையைப் பார்த்தது.

யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. செவ்வாய் என்றால் எங்கள் ஊருக்கு ஒரே அர்த்தம்தான், அந்த அர்த்தம் என் பக்கத்தில் மணல் மேட்டில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தது. அத்தை கடலையைக் கீழே போட்டாள். எழுந்து, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நாங்கள் போன பிறகுதான் படத்தில் அந்த ஆள் ஊர்க்காரர்களிடம் மாட்டிச் சாகிறான் என்று மறுநாள் கேள்விப்பட்டோம்.

மறுநாள் காலை பம்பு செட்டில் துணி துவைத்தவர்களுக்கு வேறு பேச்சே இல்லை. அந்த வீட்டுக்காரப் பெண் ஜாதகம் கேட்காமல் வாடகைக்கு விட்டது தப்பு என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. பிறகு ஒருத்தி கண்டுபிடித்தாள்: பெட்டியோடு வந்தவன், பேச்சு இல்லாதவன், அடுத்த வீட்டுச் சோறு தின்கிறவன், சொந்தம் என்று யாரும் தேடி வராதவன். நம் ஊரிலேயே ஓர் ஆள் அப்படித்தானே இருக்கிறான்.

"உனக்குன்னே மேல இருந்து எறங்கி வந்துகீறான் போலடி," என்றாள் அத்தையிடம். "பொருத்தம் பாக்கவே தேவ இல்ல. ஒரே கெரகம்."

அத்தை துணியை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

மத்தியானத்துக்குள் அது டீக்கடைக்கு வந்துவிட்டது. ஆபரேட்டரைப் பார்த்தவர்கள், செவ்வாயில் கரண்ட் கட் உண்டா, அங்கே பீடி என்ன விலை என்று விசாரித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே போயிருக்கிறார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சாயத்து உறுப்பினர், தங்கையின் பெயர் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது, பங்குனியில் நிச்சயம். அன்று ஆபரேட்டர் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா எதிரில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டார்.

அப்பா எடுத்தவுடனே கேட்கிறவர் இல்லை. மழை, டாக்கீஸ் வசூல், சோறு பிடிக்கிறதா என்றெல்லாம் போய்விட்டுத்தான் வந்தார்.

"தம்பி யாரு வூட்டுப் புள்ள?"

"தெரியாதுங்க."

"ஊரு?"

"அரக்கோணம் பக்கம் மிஷன் ஆஸ்டல்ல வளந்தேன். அங்க யாரு கொண்டாந்து வுட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியாதுங்க."

"பொறந்த நேரம், நட்சத்திரம்?"

தெரியாது என்று தலையை ஆட்டினார். பொறந்த வருஷமே அவர்கள் குத்துமதிப்பாகப் போட்டதுதான் என்றார்.

வேறு எந்த ஆளாக இருந்தாலும் ஓர் ஊரையும் ஒரு பெயரையும் சொல்லியிருப்பான். அந்நாளில் விசாரிக்கப் போக வர இரண்டு மாதமாகும். அதற்குள் எத்தனையோ நடந்திருக்கும். அவர் சொன்ன உண்மையை அப்பா சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டார். எதையோ மறைக்கிறான், அதனால்தான் தெரியாது என்கிறான் என்று அன்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பின்னாளில் முப்பது வருடம் சாதிச் சான்றிதழ் விசாரணை நடத்தியவள் நான். சரளமாகச் சொன்னவர்களை நம்பி, தெரியாது என்றவர்களைச் சந்தேகப்பட்டுத்தான் நாங்களும் அறிக்கை எழுதினோம். அப்பாவை மட்டும் சொல்லி என்ன.

ஆனால் ஒன்று. கேள்விகளை முடித்துக்கொண்டு எழுந்தபோது அப்பா, "சாப்புடு தம்பி," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நாளையிலிருந்து சோறு கொட்டகைக்கே வரும் என்று டாக்கீஸ் முதலாளிக்குச் சொல்லியனுப்பியது பிறகு.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா எங்கள் எல்லோரையும் கிளப்பினார். வீட்டுக்குள் ஒளிந்திருந்தால்தான் தப்பு செய்த மாதிரி, போய் முன்னால் உட்கார வேண்டும் என்பது அவர் வாதம். தரையில் இல்லை, மடக்கு நாற்காலியில். அத்தை நடுவில். மில்காரருக்கு எங்கள் ஊரில் ஒரு மைத்துனர் இருந்தார். அவர் எங்களுக்குப் பின்வரிசையில். கொட்டகை நிறைந்திருந்தது. படத்தைப் பார்க்க அல்ல என்று எனக்கே தெரிந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு டப்பாக்கள் முன்பு போலவே ஓடின. ஐந்தாவதில்தான் விஷயம். ஐந்தாவது டப்பாவில் அந்த ஆளும் வீட்டுக்காரப் பெண்ணும் ஒரு பஸ்ஸில் ஏறிக் கடற்கரைக்குப் போக வேண்டும். அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்குவாள். ஆறாவது, கடைசி டப்பாவில் ஊர்க்காரர்கள் டார்ச்சோடு துரத்துவார்கள். அவன் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவான். அவள் உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். விடிந்தால் நடுரோட்டில் அவனுடைய ஓவர்கோட் மட்டும் புகைந்துகொண்டு கிடக்கும். இரண்டு நாளும் ஊர் பார்த்தது அதைத்தான். அன்றைக்கு ஐந்தாவதாகத் துரத்தலும் புகையும் ஓடிவிட்டன. எழுந்து கிளம்பியவர்கள் விளக்கு அணைந்ததும் திரும்ப உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்தது பஸ்.

செத்துப்போன ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்து பெண்ணோடு போய்க்கொண்டிருக்கிறான். எல்லோரும் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். அவர் திரையைப் பார்த்தார். டப்பா மாறிவிட்டது என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் இரண்டு நாளாக எல்லாம் தெரிந்தவராக உட்கார்ந்திருந்த மனிதர். மைக்கைத் தட்டினார்.

"அன்பார்ந்த பொதுமக்களே, செத்தவன் எப்படிப் பஸ்ஸில் போகிறான் என்று கேட்பீர்கள். செவ்வாய் கிரகத்தாருக்குச் சாவு கிடையாது. எத்தனை முறை செத்தாலும் எழுந்து வந்துவிடுவார்கள். ஆகையால் இவனைக் கட்டிக்கொள்ளும் பெண்ணின் தாலிக்கு எந்தக் காலத்திலும் பங்கம் வராது."

முதலில் பெண்கள் பக்கம் சிரித்தது. பிறகு கொட்டகையே. சிரிப்புக்கு நடுவில் ஒரு கிழவரின் குரல், "அப்ப பொருத்தம் சரியாத்தான்யா கீது," என்று தீர்ப்பு சொல்வது போல வந்தது. அத்தையைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. திரையில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மில்காரரின் மைத்துனர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

இது கேலிதான். ஆனால் எங்கள் ஊர் ஒன்றைக் கேலி செய்துகொண்டே பாதி நம்பவும் செய்யும். தோஷத்துக்குப் பயந்து ஒன்பது வீடு திரும்பிப் போன பெண்ணுக்கு, சாகவே மாட்டாத மாப்பிள்ளை இருக்கிறான் என்றால் அதில் கணக்கு சரியாகத்தானே வருகிறது என்று இரண்டொரு பேர் அம்மாவிடமே வந்து சொன்னார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து ஆள் வந்தது. ஊர் வாயில் விழுந்த பெண் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிற்று. மில்காரர் பிறகு வேறிடத்தில் ஜாதகம் பார்த்துக் கட்டிக்கொண்டு சில வருடத்திலேயே போய்ச் சேர்ந்தார். அதற்குச் செவ்வாய் காரணமில்லை, ரத்தக் கொதிப்பு.

அப்பா நிலத்துக்கான சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சம்மதம் போனால் உரிமம் போய்விடும். ஒரு வாரத்தில் கூரை இறங்கியது. முதலாளிக்கு ஆத்திரம். குடித்துவிட்டு டப்பாவை மாற்றிப் போட்டதால்தான் இவ்வளவும் என்று ஆபரேட்டரை வேலையை விட்டு நீக்கினார். அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று ஊர் கேட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன், போன மாதம் வரை.

படப் பெட்டியைச் சிங்கப்பெருமாள் கோவிலில் கொண்டுபோய் ரயிலில் ஏற்றுவது அவருடைய கடைசி வேலை. காலை பஸ். நான் அப்பாவோடு டீக்கடைக்கு எதிரில் நின்றிருந்தேன், மருந்தடிக்கும் மெஷினுக்கு ஏதோ சாமான் பஸ்ஸில் வருவதாக இருந்தது. பெட்டி கூரையில் ஏறிற்று. ஆபரேட்டர் உள்ளே ஏறினார். அப்போது எங்கள் வீட்டுப் பக்கமிருந்து அத்தை வந்தாள். அவசரமில்லாத நடை. கையில் ஒரு துணிப்பை. நேராக வந்து பஸ்ஸில் ஏறி, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பஸ் கிளம்பவில்லை. அப்பா நிற்கும்போது அந்த ஊரில் எந்த பஸ்ஸும் அவர் சொல்லாமல் கிளம்பியதில்லை. அப்பா ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். கத்தவில்லை.

"நாளைக்கு ஊரு கேக்கும். அவன் யாருன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

அத்தை குனிந்து பார்த்தாள்.

"செவ்வாய்க்காரன்னு சொல்லிடுண்ணா. ஊருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே."

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். அப்பா ஒருமுறை ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டிரைவர் பக்கம் போய்க் கதவில் ஓங்கித் தட்டினார். "இன்னாத்துக்கு நின்னுகினு கீற? வண்டிய எடு." அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. தங்கையைத் தலைமுழுகிவிட்டார் என்று அந்த நொடியில் எனக்குப் பட்டது. ஊருக்கும் அப்படித்தான் பட்டது.

அவர்களுக்குச் சிங்கப்பெருமாள் கோவிலில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ரயில்வே போர்ட்டர் என்று கேள்வி. மாமா (இனி அவரை அப்படித்தானே சொல்ல வேண்டும்) தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் சேர்ந்து, அது கல்யாண மண்டபமாகும் வரை படம் ஓட்டினார். அப்பா அவர்கள் பெயரை வீட்டில் எடுக்கமாட்டார். மூத்த பையனுக்குக் காது குத்தும்போது மட்டும் போனார். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும் என்பது முறை. அப்பா முறை தவறியதில்லை. அதற்கு மேல் அந்தப் பயணத்தில் பொருள் தேட வேண்டாம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அந்தப் பையனே வளர்ந்து சாதிச் சான்றுக்கு என் அலுவலகத்துக்கு வந்தான். உறவினர் என்பதால் கோப்பை வேறு ஒருவருக்கு அனுப்பினேன். செவ்வாய் என்று எழுத விண்ணப்பத்தில் இடமில்லை.

மாமா போய் நான்கு வருடமாகிறது. எழுபத்தெட்டு வயது. தோஷம் அவ்வளவுதான் வேலை செய்தது.

அத்தை இப்போது சேரப்பணஞ்சேரியில் இருக்கிறாள். மகன் கட்டிய வீடு. கீழே அவள், மேலே வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன்கள் ஆறு பேர். போன வாரம் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், கைப்பேசியைச் சோற்றுப் பானையில் சாய்த்து வைத்து அவளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். அந்தப் பானை, மாடியில் இருக்கும் பையன்களுக்காக. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குச் சோறு வடித்து வைப்பாள்.

"இதானே அது," என்றாள். "இப்ப சின்னதா கீது."

பாதியில், நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். மாமா குடித்துவிட்டு டப்பாவை மாற்றவில்லை. வேண்டுமென்றே, அவளுக்குச் சேதி சொல்லத்தான் பஸ்ஸைக் கடைசியில் போட்டிருக்கிறார் என்றேன். ஒரு விசாரணை அதிகாரியின் பெருமையோடு சொன்னேன்.

"அவரா? அவருக்கு அந்த தைரியம் ஏதுடி. நான்தான் போடச் சொன்னேன்."

அப்பா கேள்வி கேட்டு எழுந்து போன அந்த மத்தியானம், சாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் அத்தை கேட்டிருக்கிறாள், எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று. சொன்னார். அந்த ஆள் செத்த பிறகு பஸ்ஸைப் போட்டால் மெஷின் ஓடுமா என்று கேட்டாள். மெஷினுக்குக் கதை தெரியாது, ஓடும் என்றார். வேலை போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார்.

"போனா போவுது, எனக்கு மில்லுக்காரன் வூட்டுக்குப் போறத்துக்கு அது மேலுன்னேன். அப்புறம் அந்த வாத்தியார். அவரு தப்பாப் பூடுச்சின்னு ஒத்துக்கவே மாட்டாருன்னு தெரியும். செத்தவன் பொழச்சத அவரு வாயாலயே சொல்லட்டும்னுதான்."

ஊரே ஆபரேட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்குள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவளை யாரும் பார்க்கவில்லை.

படத்தில் பஸ் போயிற்று. அடுத்து ஊர்க்காரர்கள் டார்ச்சோடு வந்தார்கள். அவன் கதவைத் தட்டினான். அந்தப் பெண் தாழ்ப்பாள் போட்டாள். அத்தை அவளைக் காட்டி, இவளுக்கு என்ன கேடு என்றாள். பயம் என்றேன். அப்பாவும் அப்படித்தானே, ஊருக்குப் பயந்து வண்டியை எடு என்று உன்னை விரட்டினார் என்றேன்.

அத்தை படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வெரட்டுனானா? நீ அங்கதானடி நின்னுகினு இருந்த. உங்க பெரியப்பன் பசங்க ரெண்டு பேரும் ஏரிக்கரை மேல சைக்கிள்ல வந்துகினு இருந்தானுங்க. கையில கொம்பு. ஜன்னல்ல எனக்குத் தெரிஞ்சிது. உங்கப்பன் திரும்பிப் பாத்தான் பாரு, அதத்தான். பாத்துட்டுத்தான் வண்டிய எடுன்னான்."

அவள் மறுபடி படத்துக்குத் திரும்பிவிட்டாள். எனக்குப் படம் தெரியவில்லை. அந்தக் காலையில் பஸ் போன பிறகு நடந்த ஒன்று, இத்தனை வருடம் நினைவில் எதற்கும் உதவாமல் கிடந்தது, எழுந்து வந்தது. பெரியப்பா வீட்டு அண்ணன்கள் இருவரும் மூச்சு வாங்க வந்து இறங்கினார்கள். அப்பா அவர்கள் கையிலிருந்த கொம்பை வாங்கிக் கடைச் சுவரில் சாய்த்து வைத்தார். இருவரையும் பலகையில் உட்காரச் சொல்லி டீ சொன்னார். எனக்கு ஒரு பன். வெளியில் டீ குடிக்காத மனிதர், தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். கடலை விலை பேசினார், ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று பேசினார். சின்ன அண்ணன் இரண்டு முறை எழுந்தான். ஒவ்வொரு முறையும் அப்பா அவன் தோளில் கை வைத்து உட்கார வைத்து, சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னார்.